ஊறிப்போன நூடில்ஸ்

அங்கே போய் எதுவும் சாப்பிடக்கூடாது என்பதுதான் அண்ணாவின் ஒரே நிபந்தனை. தேத்தண்ணி குடிக்கலாம். பிஸ்கட் வைத்தால் மரியாதைக்கு ஒன்றை எடுத்துக் கடிக்கலாம். அதற்கு மேல் ஒரு வாயும் கூடாது. முருங்கன் ஆசுப்பத்திரி வாசலில் மோட்டார் சைக்கிளோடு வந்து நின்றபோது இதைச் சொன்னார். நான் ஏறி உட்கார்ந்ததும் திரும்பவும் சொன்னார். பாலம் தாண்டும்போது காற்றோடு காற்றாக இன்னொரு தடவை கத்திச் சொன்னார்.

நான் மருந்து கொடுக்கும் யன்னலுக்குள் இருந்து காலைக் கடமையை முடித்துவிட்டு, சேலையை அங்கேயே மாற்றிக்கொண்டு வந்திருந்தேன். நாள் முழுக்க ஊருக்கெல்லாம் “சாப்பாட்டுக்கு முன்”, “சாப்பாட்டுக்குப் பின்” என்று சொல்லுகிற நான் அன்று காலை ஒரு வாய் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் சனம் குறையவில்லை. ஒரு துண்டு பாண் கடிக்கவும் நேரம் கிடைக்கவில்லை.

அண்ணா சொன்னது எங்கள் பக்கத்து வழக்கம்தான். சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் பேச்சு முடிவாகும் முன் கை நனைப்பதில்லை. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். ஆனால் அண்ணா அதை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததற்கு வேறு காரணம் இருந்தது. முன்பொரு மாப்பிள்ளை வீட்டில் அவர்கள் வற்புறுத்தினார்கள் என்று இலை முன்னே உட்கார்ந்துவிட்டார். பாயாசம்வரை சாப்பிட்டார், வத்தல் குழம்பை வாய்விட்டுப் புகழ்ந்தார். கொஞ்ச நாளில் அவர்கள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஊர்ச் சந்தியில் யாரோ அவரிடம், “வத்தல் குழம்பு நல்லா இருந்ததோ?” என்று கேட்டிருக்கிறான். அண்ணா வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எறிந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஏன் இவ்வளவு காலம் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். இடம்பெயர்வு, அம்மா வருத்தமாகப் படுத்தது, சாதகத்தில் செவ்வாய். ஆளைப் பார்த்து ஒன்றை எடுத்துக் கொடுப்பேன், யன்னலுக்குள் இருந்து மருந்து கொடுப்பதுபோல. உண்மையில் எனக்கு எரிச்சல் தந்தது வேறு ஒன்று. ஒவ்வொரு முறையும் நான் தேத்தண்ணித் தட்டோடு வருவேன், வந்தவர்கள் பார்ப்பார்கள், அண்ணா பேசுவார், பிறகு யாரோ ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லுவார்கள். உனக்கு விருப்பமா என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை. இந்த முறையும் கேட்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இதுதான் கடைசி என்று மனதுக்குள் முடிவும் கட்டியிருந்தேன். இதுவும் சரிவராவிட்டால் இனிமேல் எந்த வீட்டுக்கும், எந்தக் கோயிலுக்கும், எந்தக் கடைக்கும் இப்படி உடுத்திக்கொண்டு வரமாட்டேன் என்று அண்ணாவிடம் சொல்ல இருந்தேன்.

மாப்பிள்ளை பல வருடம் ஜப்பானில் ஒரு நூடில்ஸ் கடையில் வேலை செய்தவர். கோப்பை கழுவத் தொடங்கி அடுப்புவரை போனவர். திரும்பி வந்து மன்னார்த் தீவில், தலைமன்னார் ரோட்டில் ஓலைத்தொடுவாய்க்குத் திரும்பும் பக்கமாக அதே மாதிரி ஒரு சின்னக் கடை போட்டிருந்தார். வாடைக் காலத்தில் பறவை பார்க்க வருகிறவர்கள், சோழகக் காற்று வீசும் மாதங்களில் கடலில் காற்றாடி கட்டி ஓட வருகிற வெள்ளைக்காரர், மற்ற நாட்களில் கம்பசில் படிக்கிற நம்முடைய பிள்ளைகள் என்று கடை ஓடுவதாகத் தரகர் சொல்லியிருந்தார். வீட்டில் வேண்டாம், கடையில் சந்திக்கலாம் என்று சொன்னது மாப்பிள்ளையின் அக்கா. கடை என்றால் பொது இடம், ஒருவருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. அண்ணாவுக்கும் அது பிடித்துக்கொண்டது.

கடை வாசலில் கதவுக்குப் பதிலாக நீலத் துணி ஒன்று இடையிடையே வெட்டி விடப்பட்டு, நெற்றிவரை தொங்கியது. அண்ணா அதற்கு வெளியே நின்று செருமினார்.

“உள்ளை ஆரும் குளிக்கினமோ?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“கடையண்ணா. வாங்கோ,” என்று நான்தான் முதலில் குனிந்து உள்ளே போனேன்.

உள்ளே மேசைகள் இல்லை. சுவர் முதல் சுவர்வரை ஒரு நீளப் பலகை, அதன் முன்னால் வரிசையாக உயரக் கதிரைகள். பலகைக்கு அந்தப் பக்கம் அடுப்பு, பெரிய சட்டிகள், நீராவி, அவற்றுக்கு நடுவே அவர். தலையில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார். காதோரம் நரைத்திருந்தது. “வாங்கோ அண்ணை, வாங்கோ,” என்று கும்பிட வந்தவர், கையெல்லாம் மாவாக இருந்ததால் முழங்கைகளை மட்டும் சேர்த்துத் தூக்கினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அவருடைய அக்கா முதலே வந்து உட்கார்ந்திருந்தார். மன்னார்ப் பட்டினத்தில் மகளோடு இருக்கிறவர், வெள்ளைச் சேலை, மடியில் சாதகம் வைத்த பை. அவருக்குப் பக்கத்தில் அண்ணா உட்கார்ந்தார். அண்ணாவுக்கு இந்தப் பக்கம், வரிசையின் கடைசியில் நான். பெண் பார்க்கும் காரியத்துக்கு இதைவிட மோசமான ஒழுங்கு இருக்க முடியாது. எல்லோரும் பஸ்ஸில் இருப்பதுபோல ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தோம். என்னைப் பார்க்க வந்த அக்கா அண்ணாவின் தோளைத் தாண்டி எட்ட வேண்டியிருந்தது. அண்ணாவோ அக்காவோடு பேசுவதற்குக் கழுத்தை முறித்துக்கொண்டு இருந்தார். நேராகப் பார்க்கக் கூடியவர் ஒருவர்தான். அவருடைய அடுப்பு சரியாக என் முன்னால் இருந்தது.

“சாப்பாடு ஒண்டும் வேண்டாம் தம்பி, தேத்தண்ணி மட்டும் போதும்,” என்று அண்ணா கேட்காமலே அறிவித்தார்.

“ஓமோம், அதுதான் முறை,” என்றார் அக்கா. இரண்டு பேருக்கும் அந்த நிமிடமே ஒத்துப்போய்விட்டது. பால்தேத்தண்ணி வந்தது. அக்காவின் சித்தப்பாவும் எங்கள் பெரியப்பாவும் ஒரே குளத்திலிருந்து வயலுக்கு நீர் பாய்ச்சியவர்கள் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு காணி, வயல், உறவுமுறை, யார் யார் எந்த நாட்டில் என்று பேச்சு ஓடியது.

நான் அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அது என் தொழில் பழக்கம். மருந்து யன்னலின் துளைக்குள்ளால் எனக்கு வருவது முகங்கள் இல்லை, கைகள். மருந்துத் துண்டை நீட்டுகிற விதத்திலேயே ஆள் பொறுமைசாலியா, சண்டைக்கு நிற்கிறவரா என்று சொல்லிவிடுவேன். இவருடைய கைகளில் பழைய சூட்டுத் தழும்புகள் இருந்தன. மாவை வெட்டி நூலாக்கி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார், ஒரு சிட்டிகை எடுத்து அப்பால் வைத்தார். அக்கா தன் கலியாணக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியார் அதைக் கேட்டுக்கொண்டே முட்டை ஒன்றின் கோதை உரித்தார். ஒன்றையும் அவசரமாகச் செய்யவில்லை. எனக்கு அந்தக் கைகளைப் பிடித்திருந்தது. இதை இப்படி வெளிப்படையாக எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

அந்த நேரம் பார்த்து என் வயிறு சத்தம் போட்டது. சின்னச் சத்தம் இல்லை. அண்ணா நெல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்தார். அடுப்படியில் நின்றவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“காலமை சாப்பிட்டனீங்களோ?”

ஓம் என்று சொல்லத்தான் வாய் போனது. அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். ஆனால் இப்படிப்பட்ட சந்திப்புகளில் அதுவரை என்னிடம் நேராகக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. என்ன படித்தவ, என்ன சம்பளம், சமைப்பாவோ என்று எல்லாமே என் தலைக்கு மேலால் அண்ணாவிடம் கேட்கப்பட்டவைதான். அதனால் பொய் சொல்ல மனம் வரவில்லை.

“இல்லை,” என்றேன்.

“மீன், மச்சம் சாப்பிடுவீங்கள்தானே?”

“ஓம்.”

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. நூடில்ஸைச் சட்டிக்குள் போட்டார். நீராவி எழும்பி அவரை மறைத்தது. அது விலகியபோது என் முன்னால் பெரிய கிண்ணம் ஒன்று இருந்தது. மண்ணிறச் சாறு, அதற்குள் ஒழுங்காக மடித்து வைத்த நூடில்ஸ், பாதியாக வெட்டிய முட்டை, சுட்ட மீன் துண்டு, மேலே வெங்காயத்தாள். பக்கத்தில் குச்சிகளும் வைத்தார், முள்ளுக்கரண்டியும் வைத்தார்.

பசி யோசிக்க விடவில்லை. முதலில் சாற்றை ஒரு கரண்டி குடித்தேன். மாசிக் கருவாட்டின் மணம் முதலில் வந்தது, பிறகு மீன் எலும்பை நெடுநேரம் அவித்த கனம். முள்ளுக்கரண்டியில் நூடில்ஸைச் சுற்றி ஒரு வாய் எடுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது, பல்லுக்கு நின்று கொடுத்தது. இரண்டாவது வாய்க்குக் கரண்டியை இறக்கும்போதுதான் அண்ணா செருமினார். அந்தச் செருமலை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

“தம்பி, குறை நினைக்காதேங்கோ,” என்றார் அண்ணா. “பேச்சு முடியாமல் நாங்கள் சாப்பிடுறேல்லை.”

“தெரியும் அண்ணை. அவ பசியோடை வந்திருக்கிறா. அதுதான் போட்டனான். இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. சாப்பிட்டிட்டு வேண்டாமெண்டு சொன்னாலும் சரி.”

“அப்பிடிச் சொல்லாதை,” என்றார் அக்கா. “பேசி முடிச்சிட்டுச் சாப்பிடட்டும். ஒரு தட்டாலை மூடி வை.”

“அக்கா, இது நிக்காது. சோறெண்டால் மூடி வைக்கலாம். இது இறக்கின உடனை சாப்பிட வேணும். இல்லாட்டி ஊறிப்போகும்.”

“அப்ப நாங்கள் கெதியாக் கதைப்பம்,” என்றார் அண்ணா.

சிரிக்கக்கூடாது, ஆனால் அண்ணா உண்மையிலேயே கெதியாகக் கதைக்கத்தான் பார்த்தார். சாதகத்தை விரித்தார்கள். இவ்வளவு நாளும் ஏன் கட்டவில்லை என்று அண்ணா அவரைக் கேட்டார். “அங்கை வேலை, இங்கை பிரச்சினை. காலம் போயிட்டுது அண்ணை,” என்றார் அவர். திரும்பவும் ஜப்பானுக்குப் போகிற எண்ணம் இருக்கிறதா? இல்லை. கடை சொந்தக் காணியா? குத்தகை. வீடு? கடைக்குப் பின்னால். பெண் வேலையை விட வேண்டுமா? அதற்கு அவர் அண்ணாவைப் பார்க்காமல், “அது அவவின்ரை விருப்பம்,” என்றார். பிறகு செவ்வாய் வந்தது. செவ்வாய் வந்தால் பேச்சு கெதியாக முடியாது. அக்காவுக்கு ஒரு கணக்கு, அண்ணாவுக்கு ஒரு கணக்கு.

என் முன்னால் கிண்ணம் மாறிக்கொண்டு வந்தது. சாறு வற்றுவதுபோல இறங்கியது. அதைக் குடித்த நூடில்ஸ் தடித்துக்கொண்டு மேலே வந்தது. முட்டை சரிந்தது. அவர் கையைத் துடைத்தபடி நின்று அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார், காய்ச்சல் பிள்ளையைத் தாய்மார் பார்ப்பதுபோல. நானும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்கு ஆத்திரம் வந்தது. அண்ணாவின் மேல், செவ்வாயின் மேல், கையை மடியில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்த என் மேல். ஆசுப்பத்திரியில் பெரிய டொக்டரோடுகூட வாய் காட்டுகிறவள் நான். ஒரு கிண்ணம் நூடில்ஸுக்கு முன்னால் வாய் அடைத்துப்போய் இருந்தேன்.

அவர் கையை நீட்டிக் கிண்ணத்தை எடுத்தார்.

எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். அண்ணா ஒரு பெருமூச்சு விட்டார், பெரிய பாரம் இறங்கியதுபோல. நானோ முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கொடுத்த சாப்பாட்டைத் திருப்பி எடுத்துவிட்டார், இனி என்ன இருக்கிறது? முன்பு வேண்டாம் என்று போனவர்களுக்காக நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை, கோபம்தான் பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒருவர் என்னை விட்டுப் போய்விடக்கூடாது என்று எனக்கு இருந்தது. அரை மணித்தியாலம்கூடப் பழகாத மனிதர். கண் கலங்குவது தெரிந்து தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டேன்.

அவர் ஒரு பிடி நூடில்ஸைப் புதிதாக எடுத்துச் சட்டிக்குள் போட்டார். அது அவியும்வரை நிற்க வேண்டும். நின்றபடியே என்னிடமிருந்து எடுத்த கிண்ணத்தைத் தூக்கி, குச்சியால் அந்த ஊறிப்போன நூடில்ஸை அள்ளிச் சாப்பிடத் தொடங்கினார். கொட்டுகிற பழக்கம் அந்தக் கைகளுக்கு இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அவரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

அக்காதான் முதலில் கண்டார். கையில் இருந்த சாதகம் அப்படியே நின்றது.

“தம்பி,” என்றார். “அது அந்தப் பிள்ளை வாய் வைச்சது.”

எங்கள் சனத்தில் ஒருவர் சாப்பிட்டுவிட்ட இலையில் இன்னொருவர் சாப்பிடுவது என்றால் அது தாய் பிள்ளைக்குள் நடக்கும், புருஷன் பெண்சாதிக்குள் நடக்கும். கலியாணத்தன்று மாப்பிள்ளை சாப்பிட்ட இலையில் பெண் சாப்பிடுவாள். பெண் சாப்பிட்ட மிச்சத்தை ஆண் சாப்பிட்டதை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை.

அவருடைய குச்சி பாதியில் நின்றது. காது இரண்டும் சிவந்துவிட்டன. அவர் கொட்டாமல் சாப்பிடுகிற கடைக்காரப் பழக்கத்தில்தான் எடுத்திருக்கிறார், அது அவருடைய முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. இப்போது கிண்ணத்தைக் கீழே வைத்தால் பிழை விட்டதாக ஆகும். தொடர்ந்து சாப்பிட்டால் அது வேறொன்றாக ஆகும். அவர் அக்காவைப் பார்க்கவில்லை. அண்ணாவையும் பார்க்கவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது, நான் இவ்வளவு வருடமும் யாராவது கேட்கட்டும் என்று இருந்த கேள்வி.

நான் தலையை ஆட்டினேன். வெட்கப்பட்டு லேசாக இல்லை, மூன்று பேருக்கும் தெரிகிற மாதிரி நன்றாகவே ஆட்டினேன்.

அவர் மிச்சத்தைச் சாப்பிட்டார். சாற்றையும் கடைசிவரை குடித்தார். குடித்துவிட்டு வெறும் கிண்ணத்தைப் பலகைமேல் வைத்தார்.

“பிள்ளை,” என்றார் அண்ணா. அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. “நீ யோசிச்சுத்தான் சொல்லுறியோ?”

“ஓம் அண்ணா.”

“செவ்வாய் இன்னும் பாத்து முடியேல்லை.”

“நீங்கள் பாருங்கோ. எனக்கு விருப்பம்.”

அந்தச் சொல்லை நான் அண்ணாவுக்கு முன்னால் அதுவரை சொன்னதில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு பலகையைப் பார்த்தார். அந்த வத்தல் குழம்பு அவருடைய மனதில் ஓடியிருக்கும். சந்தியில் கேட்டவனின் முகமும் ஓடியிருக்கும். அக்கா மெதுவாகச் சாதகத்தை மடித்துப் பைக்குள் வைத்து, பையின் வாயைச் சுருக்கினார்.

சட்டியில் போட்ட நூடில்ஸ் அவிந்துவிட்டது. அவர் அதை வடித்து, சாறு ஊற்றி, முட்டை வைத்து என் முன்னால் வைத்தார். இந்த முறை நான் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கரண்டியை எடுத்தேன்.

நான் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். அண்ணா தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். சேட்டுக் கையை முழங்கைவரை மடித்தார். அதுவரை மாப்பிள்ளையைத் தம்பி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மச்சான்,” என்றார். “எனக்கும் ஒண்டு போடுங்கோ.”